தெரிந்த பெண் ஒருவர் சொன்னபடி

ஆர்லீன் குளியலறையில் விழுந்த திங்கட்கிழமை மதியம், லாண்டியின் அடுப்பில் கறுப்பு பீன்ஸும் பன்றிக்கறியும் வெந்துகொண்டிருந்தன. மெரிதா நகரில் திங்கட்கிழமை என்றால் எல்லா வீட்டிலும் அதுதான். கைபேசியில் ஆர்லீனின் கணவர் வெண்டெலின் குரல் கேட்டபோது முதலில் அவளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. கனடாவில் ஒரு கோதுமைக் கிடங்கை முப்பது வருஷம் நிர்வகித்தவர் அவர். எழுபத்து நான்கு வயதிலும் ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி நிதானமாகப் பேசுகிறவர். அன்று மூச்சுத்தான் முதலில் வந்தது, பேச்சு பிறகுதான் வந்தது.

"லாண்டி... அவ எந்திரிக்க மாட்டேங்குறா. கண்ணு திறந்துதான் இருக்கு. எந்திரிக்க மாட்டேங்குறா."

"ஆம்புலன்ஸுக்குச் சொல்லிட்டீங்களா தோன் வெண்டெல்?" மரியாதைக்கு 'தோன்' சேர்த்தே அவரைக் கூப்பிடுவாள்.

"சொன்னேன். அந்தப் பொண்ணு ஸ்பானிஷ்ல என்னமோ கேக்குது, எனக்கு ஒரு எழவும் புரியல."

"நான் பேசிக்கிறேன். கதவத் திறந்து வைங்க. அவங்கள ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. இதோ வந்துட்டேன்."

ஊஞ்சல் படுக்கையில் கிடந்த கணவன் வில்பெர்த்திடம் அடுப்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, செருப்பைக்கூட மாட்டாமல் காரில் ஏறினாள்.

இந்த ஊருக்கு வந்து குடியேறும் வெள்ளைக்காரக் கிழவன் கிழவிகளுக்கு லாண்டி முதலில் ஸ்பானிஷ் பேசக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தாள். பிறகு அவர்களே அவளை வேறு வேலைக்கு இழுத்துக்கொண்டார்கள். ஆஸ்பத்திரிக்குத் துணைக்குப் போவது, டாக்டர் சொல்வதை மொழிபெயர்ப்பது, பில்லில் எந்த முத்திரை விட்டுப்போயிருக்கிறது என்று பார்ப்பது, இன்ஷூரன்ஸ்காரன் கேட்கும் காகிதங்களை வரிசைப்படி அடுக்கி அனுப்புவது. பத்து வருஷத்தில் அவள் கை பட்ட கிளெய்ம் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை என்று அவர்களுக்குள் ஒரு பெயர் இருந்தது. லாண்டிக்கும் அதில் கொஞ்சம் பெருமைதான்.

ஆர்லீனும் அவளிடம் ஸ்பானிஷ் கற்க வந்தவள்தான். பள்ளிக்கூட நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பாடம் முதல் வருஷத்தோடு முடிந்துபோனது. அதற்குப் பிறகும் ஐந்து வருஷமாக வியாழக்கிழமை தவறாமல் லாண்டி அந்த வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து காபி குடித்தாள்.

அவசரப் பிரிவில் இளவயது டாக்டர் ஒருவர் கேஸ் ஷீட்டை விரித்து வைத்துக்கொண்டு கேள்வி கேட்டார். லாண்டி நடுவில் நின்றாள்.

"இதுக்கு முன்னாடி நெஞ்சு வலி, மயக்கம், மூச்சு வாங்கறது, ஏதாவது?"

"ஒண்ணுமே கிடையாது" என்றார் வெண்டெல். "தினமும் காலைல நீந்துவா. எனக்குத்தான் முட்டி வலி, முதுகு வலி எல்லாம். அவ கல்லு மாதிரி இருந்தா."

லாண்டி அதை அப்படியே ஸ்பானிஷில் சொன்னாள். டாக்டர் எழுதிக்கொண்டு நகர்ந்தார். திரைக்கு அந்தப் பக்கம் நடைபாதையில் அவர் பத்தடி போவதற்குள் லாண்டி பின்னாலேயே ஓடினாள்.

"டாக்டர், அவருக்குத் தெரியாது. அந்தம்மாவுக்கு வால்வு கெட்டுப்போயிருக்கு. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி எக்கோ எடுத்தோம். ரொம்பச் சுருங்கிப்போச்சு, மாத்தணும்னு சொன்னாங்க."

டாக்டர் அவளை ஒரு கணம் பார்த்தார். "இத ஏன் அங்கயே சொல்லல?"

"சொல்லக் கூடாதுன்னு அவங்க என்கிட்ட சத்தியம் வாங்கியிருந்தாங்க."

"சொன்னீங்களே, அதுவரைக்கும் நல்லது. தெரியாம வேற மருந்து ஏத்தியிருந்தா இப்பவே போயிருப்பாங்க." பேனாவை எடுத்தார். "யார் சொன்னதுன்னு எழுதறது?"

"என் பேரப் போடாதீங்க டாக்டர்."

"சரி. தெரிஞ்சவங்கன்னு போட்டுக்கறேன்."

பன்னிரண்டு நாள் ஆர்லீன் ஐசியூவில் கிடந்தாள். கொஞ்சம் தேறினால் வால்வை மாற்ற ஆபரேஷன் செய்யலாம் என்றார்கள். வால்வு கெட்டிருப்பது இப்போதுதான் தெரியவந்தது என்று வெண்டெல் நினைத்துக்கொண்டார். தேறவே இல்லை. வெண்டெல் காலை ஏழு மணிக்கு வந்து வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்வார். பார்வை நேரத்தில் உள்ளே போய் மனைவியின் காலை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்பார். கையில் எல்லாம் ஊசியும் குழாயும் இருந்ததால் காலைப் பிடித்தார். மூன்று தடவை முன்பணம் கேட்டார்கள். இரண்டாவது தடவையே கையிருப்பு முடிந்துவிட்டது. மூன்றாவதற்கு, பேத்திக்கென்று போட்டு வைத்திருந்த வைப்புநிதியை உடைத்தார்.

"அதனால என்ன, எல்லாம் திரும்பி வந்துடும்" என்றார் லாண்டியிடம். "அதுக்குத்தானே மாசாமாசம் கட்டினோம். அதுவுமில்லாம நீ இருக்கியே."

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஆர்லீன் போய்விட்டாள்.

பில் பிரிவில் இருந்த கெல்மிக்கு லாண்டியைப் பல வருஷமாகத் தெரியும். அன்று அவள் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

"லாண்டியக்கா, கோவிச்சுக்காதீங்க. மீதியக் கட்டினாத்தான் உடம்ப வெளிய விடற சீட்டுல முத்திரை போட முடியும். மேல சொல்லிட்டாங்க."

"அந்த மனுஷனப் பாருடி. அவர்கிட்ட போய் இத நான் எந்த வாயால சொல்றது?"

"நீங்க சொல்லலேன்னா நான் சொல்லணும். நான் சொன்னா அவருக்குப் புரியாது."

லாண்டிதான் சொன்னாள். வெண்டெல் தலையாட்டிக்கொண்டே கேட்டார். கார்டை எடுத்துக் கொடுத்தபோது ரகசிய எண் மறந்துபோய்விட்டது. ஆர்லீனின் பிறந்த தேதிதான் அந்த எண், அதுதான் வரவில்லை. லாண்டி மெல்லச் சொல்லிக் கொடுத்தாள்.

தகனம் முடிந்த மறுவாரம், கேஸ் ஷீட்டின் நகல் அவள் கைக்கு வந்தது. நாற்பத்தொரு பக்கம். இன்ஷூரன்ஸ் கம்பெனி வெளிநாட்டில் இருந்தது. ஒவ்வொரு பக்கத்தையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து அனுப்ப வேண்டும். இரண்டாம் பக்கத்தில், அந்த இளவயது டாக்டரின் சாய்வெழுத்தில் அது இருந்தது: 'தெரிந்த பெண் ஒருவர் சொன்னபடி, இரண்டு ஆண்டுகளுக்கு முன் எக்கோ பரிசோதனையில் வால்வு கடுமையாகச் சுருங்கியிருப்பது கண்டறியப்பட்டது. கணவருக்குத் தெரியாது.'

பாலிசி எடுத்து பதினெட்டு மாதம்தான் ஆகியிருந்தது. ஊரில் வருஷக்கணக்காக இல்லாததால் கனடாவில் அரசாங்க வைத்தியம் இனி இல்லை என்று கடிதம் வந்த பிறகுதான் அவர்கள் இந்தப் பாலிசியை எடுத்தார்கள். அந்தப் படிவத்தை நிரப்பிய வியாழக்கிழமை லாண்டிக்கு நன்றாக நினைவிருந்தது. வெண்டெல் கண்ணாடியை மூக்கில் இறக்கி ஒவ்வொரு கேள்வியாகப் படித்தார். இதயத்தில் ஏதேனும் கோளாறு உண்டா என்று கேட்டபோது, ஆர்லீன் காபிக் கோப்பைக்கு மேலாக லாண்டியைப் பார்த்தபடியே அவரிடம், "உன்ன இத்தன வருஷமாப் பொறுத்துக்கிட்டிருக்கேனே, இதுக்கு மேல இதயத்துக்கு என்ன சர்டிபிகேட் வேணும்?" என்று சிரித்தாள். அவரும் சிரித்துக்கொண்டு 'இல்லை' என்ற கட்டத்தில் குறி போட்டார். லாண்டி வாயைத் திறக்கவில்லை.

பாலிசி எடுப்பதற்கு முன் இருந்த நோயை மறைத்திருந்தால் ஒரு காசு கிடைக்காது. அது லாண்டிக்கு மனப்பாடமான விதி.

இரண்டு நாள் அந்தப் பக்கத்தை விட்டுவிட்டு மற்ற பக்கங்களை மொழிபெயர்த்தாள். மூன்றாம் நாள் வில்பெர்த்திடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் ஏசி மெக்கானிக். மே மாத வெயிலில் பத்து வீட்டு மொட்டைமாடியில் வெந்துவிட்டு வந்து உட்கார்ந்திருந்தான்.

"அப்ப அந்த வரிய எழுதினதே நீதான்னு சொல்லு."

"உயிர் பிழைக்கட்டும்னு சொன்னேன்."

"பிழைக்கல இல்ல? இப்ப அந்த வரி அவரையும் சேத்துக் கொல்லப்போகுது."

"விட்டுடவா?"

வில்பெர்த் துண்டால் கழுத்தைத் துடைத்தான். "விட்டுட்டு மாட்டிக்கிட்டா உன் பேரு போயிடும். எழுதினா அவர் பணம் போயிடும். ஆனா ஒண்ணு கேட்டுக்க. அவர்கிட்ட முதல்ல போய் உண்மையச் சொல்லு. செத்துப்போனவளுக்கு இனிமே உன் சத்தியத்தால ஆகப்போறது என்ன?"

"எப்படிச் சொல்றது? ரெண்டு வருஷம் முன்னாடியே தெரியும், உங்க பொண்டாட்டிய ஆபரேஷன் பண்ணியிருந்தா இருந்திருப்பாங்கன்னா?"

"அதுதானே உண்மை?"

அதற்கு மேல் அவளால் அங்கே உட்கார முடியவில்லை. எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினாள். மறுநாள் காலை இரண்டாம் பக்கத்தையும் மொழிபெயர்த்தாள். அந்த இரண்டு வாக்கியத்தை மட்டும் விட்டுவிட்டாள். கையெழுத்துப் போட்டு, தன் மொழிபெயர்ப்பாளர் முத்திரையைக் குத்தி, மூல நகலோடும் பில்களோடும் சேர்த்து அனுப்பினாள். பெரிதாக ஒன்றும் நடந்ததுபோல் தோன்றவில்லை. இரண்டு வரி போனதால் பக்கம் காலியாகக்கூடத் தெரியவில்லை.

ஏழு வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை வெண்டெல் கூப்பிட்டார். "வீட்டுக்கு வா" என்றார், அவ்வளவுதான்.

அவர் சமையலறை மேஜையில் கடிதத்தை நேராக வைத்திருந்தார். அந்தக் கம்பெனியில் ஸ்பானிஷ் தெரிந்தவர்கள் இல்லாமலா இருப்பார்கள்? மூலத்தையும் மொழிபெயர்ப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். முக்கியமான தகவல் ஒன்று மொழிபெயர்ப்பில் விடுபட்டிருக்கிறது என்றும், விட்ட இரண்டு வாக்கியங்கள் இவை என்றும் எழுதி, அவற்றைத் தடித்த எழுத்தில் ஆங்கிலத்தில் போட்டிருந்தார்கள். நோயை மறைத்து எடுத்த பாலிசி செல்லாது. கிளெய்ம் நிராகரிக்கப்படுகிறது.

"இந்தத் தெரிஞ்ச பொண்ணு யாரு லாண்டி?"

அவள் நின்றுகொண்டே இருந்தாள். அவர் உட்காரச் சொல்லவில்லை.

"நான்தான்."

வெண்டெல் கடிதத்தை மடித்தார். மறுபடி பிரித்தார். "என்னைக்கு?"

"போன வருஷத்துக்கு முந்தின வருஷம். மழைக்காலத்துல. அடிக்கடி தலை சுத்துதுன்னு சொன்னாங்க, நான்தான் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். கையில பணம் கொடுத்துட்டு பில்லு வேணாம்னுட்டாங்க."

"அப்புறமும் வியாழக்கிழமை வியாழக்கிழமை இங்க வந்து உக்காந்த. என் கையால காபி வாங்கிக் குடிச்ச."

"ஆமா."

"ரெண்டு வருஷம். ரெண்டு வருஷம் இருந்துச்சு எனக்கு. வீட்ட வித்திருப்பேன். கனடாவுக்குத் தூக்கிக்கிட்டுப் போயிருப்பேன் அவள."

"அதனாலதான் உங்ககிட்ட சொல்ல வேணாம்னாங்க."

வாயிலிருந்து விழுந்த பிறகுதான் அது எவ்வளவு கொடுமையான பேச்சு என்று அவளுக்கு உறைத்தது. வெண்டெல் தன்னை அடித்தவளைப் பார்ப்பதுபோல் அவளைப் பார்த்தார். சத்தம் போட்டிருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"நான் மேல்முறையீடு எழுதறேன் தோன் வெண்டெல். தப்பு என்னுதுன்னு எழுதறேன். விட்டது நான்தான், உங்களுக்கு எதுவும் தெரியாதுன்னு..."

"எனக்குத் தெரியாதுங்கறதத்தான் அவங்களே எழுதியிருக்காங்களே." விரலால் அந்த வரியைத் தொட்டார். "கணவருக்குத் தெரியாது. அதுகூட நீ சொல்லித்தான் அந்த டாக்டருக்குத் தெரியும். போ லாண்டி. தயவுசெஞ்சு போ."

அவர் யாரிடமும் அவளைப் பற்றிக் குறை சொல்லவில்லை. ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவருக்கு அந்தக் கடிதத்தைக் காட்டியிருக்கிறார். அது போதுமே. வெளிநாட்டுக்காரர்களின் வாட்ஸப் குழுவில் விஷயம் இரண்டு நாளில் பரவியது. சிலர் அவள் பணம் வாங்கிக்கொண்டு பொய்ப் படிவம் நிரப்பினாள் என்றார்கள். சிலர் அவளால்தான் ஆர்லீன் செத்தாள் என்றார்கள். அவள் கையில் இருந்த நான்கு கிளெய்ம்களில் மூன்றைத் திருப்பிக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். நான்காவது ஆள், எண்பத்தைந்து வயதுக் கிழவர், குழுவிலேயே இல்லாததால் அவருக்கு விஷயம் தெரியாது. அவரிடம் லாண்டியே போய்ச் சொல்லி, வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள்.

"பைத்தியமாடி உனக்கு?" என்றான் வில்பெர்த். "இருந்த ஒண்ணயும் விரட்டிட்டு வந்திருக்க."

"நாளைக்கு இன்ஷூரன்ஸ்காரனுங்க காகிதத்துல என் முத்திரையப் பாத்தாலே தோண்ட ஆரம்பிச்சுடுவானுங்க. அவருக்காவது பணம் வரட்டும்."

அவன் அடுத்த மாதத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குப் போக ஆரம்பித்தான். லாண்டி ஒரு பல் டாக்டரின் கிளினிக்கில் முன்மேஜையில் உட்கார்ந்தாள்.

அக்டோபரில் வெண்டெல் வீட்டை விற்றுவிட்டார் என்று கேள்விப்பட்டாள். விமானத்துக்கு இரண்டு நாள் முன்னால், ஞாயிற்றுக்கிழமை பகல் பதினொரு மணிக்கு, அவர் டாக்ஸியில் வந்து அவள் வீட்டு வாசலில் இறங்கினார். ஆறு வருஷத்தில் அந்த வீட்டுக்கு அவர் வந்ததே இல்லை. லாண்டி நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். அவர் உட்கார்ந்து, தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டார். மெலிந்துபோயிருந்தார், சட்டைக் காலர் கழுத்தில் ஒட்டாமல் நின்றது.

"சண்டை போட வரல" என்றார். "எக்கோ எடுத்த அந்த நாளப் பத்தி எனக்கு ஒண்ணுமே தெரியாது. நீ மட்டும்தான் கூட இருந்த. சொல்லு. பொய் சொல்லாமச் சொல்லு."

"என்ன தெரியணும்?"

"எல்லாம்."

லாண்டி சொன்னாள். டாக்டர் அறையில் ஆர்லீன் ஸ்பானிஷிலேயே பேசப் பார்த்ததையும், 'வால்வு' என்ற சொல்லுக்கு டாக்டர் தண்ணீர்க் குழாயைத் திறந்து மூடிக் காட்டியதையும் சொன்னாள். வெளியே வந்து காரில் ஏறியதும், கதவைச் சாத்திக்கொண்டு, கண்ணாடிகூட இறக்காமல் அந்தப் புழுக்கத்தில் ஆர்லீன் அழுததைச் சொன்னாள்.

"ரொம்ப நேரமா?"

"கொஞ்ச நேரம். அப்புறம் மூக்கச் சிந்திட்டு பசிக்குதுன்னாங்க. சந்தைக்குப் போய் எலுமிச்சை சூப் குடிச்சோம். முழுசாக் குடிச்சாங்க."

"பயந்தாளா?"

"பயந்தாங்க. ஆபரேஷனுக்கு இல்ல. ராத்திரில உங்களுக்குத் தெரியாமப் போயிடுவேனோன்னு பயந்தாங்க. நீங்க முழிச்சுப் பாத்தா என்ன ஆவீங்கன்னு."

வெண்டெல் தொப்பியின் விளிம்பைச் சுற்றிச் சுற்றித் தடவினார். கொல்லைப்புறத்தில் வில்பெர்த் வேலைக்காக வீட்டுக்கே கொண்டுவந்த ஒரு ஏசியைத் தட்டிக்கொண்டிருந்தான், சத்தம் நின்றது.

"ஏன் வேணாம்னா? இந்த ஊர் அவளுக்கு அவ்வளவு பிடிச்சிருந்துச்சா?"

லாண்டி தரையைப் பார்த்தாள். ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். அவர் அதை எடுத்துக்கொண்டு போய்விடுவார். ஆனால் பொய் சொல்லாமல் என்று அவர் கேட்டிருந்தார்.

"பிடிச்சிருந்துச்சு. ஆனா அதுக்காக இல்ல."

"பின்ன?"

"உங்களுக்காகத்தான். ஆபரேஷன்னா நீங்க ரெண்டு பேரும் கனடாவுக்கே திரும்பணும்னு நினைச்சாங்க. அங்க இருந்தப்ப குளிர்காலத்துல உங்களால கைவிரல மடக்கவே முடியாதாம். இங்க வந்து மூணாவது மாசம் நீங்க ஷூ கயிற நீங்களே கட்டினீங்களாம். அன்னைக்கு நீங்க விசிலடிச்சுக்கிட்டே வெளிய போனீங்களாம். 'அத நான் கெடுக்க மாட்டேன் லாண்டி'ன்னாங்க."

வெண்டெல் தன் கைகளைப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். லாண்டி உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அதைத் தொடாமல் எழுந்தார்.

"நீ என்கிட்ட சொல்லியிருக்கணும்" என்றார். குரலில் கோபம் இல்லை.

"சொல்லியிருக்கணும்" என்றாள் லாண்டி.

டாக்ஸி வரை கூடப் போனாள். வண்டியில் ஏறும்போது அவர் அவள் தோளில் கையை வைத்து ஊன்றிக்கொண்டார். மன்னிப்பா, முட்டி வலியா என்று அவளுக்குத் தெரியவில்லை. வண்டி திரும்பியதும் வில்பெர்த் கையில் ஸ்பானரோடு வாசலுக்கு வந்தான்.

"கடைசில அதையும் சொல்லிட்டியா? வயசான மனுஷன், இத எப்படித் தாங்குவாரு?"

"கேட்டாரு."

ஜனவரியில் அவரிடமிருந்து ஒரு மெயில் வந்தது. மகள் வீட்டுக் கீழ்த்தளத்தில் ஓர் அறையில் இருக்கிறாராம். வெளியே குளிர் மைனஸ் முப்பத்தொரு டிகிரியாம். ஆர்லீனின் சாம்பலில் பாதியை மகள் அங்கே புதைக்கக் கேட்கிறாள், மண் உறைந்திருப்பதால் மே மாதம் வரை தோண்ட முடியாது என்று எழுதியிருந்தார். வேறு எதுவும் இல்லை. லாண்டி கிளினிக்கில் உட்கார்ந்து அதைப் படித்தாள். கைவிரல் எப்படி இருக்கிறது என்று கேட்டுப் பதில் எழுத ஆரம்பித்தாள். அதற்குள் கன்னம் வீங்கிய ஒரு பெண் உள்ளே வந்து, முன்பதிவு இல்லை, ஆனால் வலி பொறுக்கவில்லை என்றாள். லாண்டி நோட்டை இழுத்து அவள் பெயரைக் கேட்டாள்.